நூற்றுக்கு ஏழு குழாய்

ஐந்து இலக்குகள்

அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளைத் திருத்திக்கொண்டிருந்தபோதே படிவம் வந்துவிட்டது. எங்கள் தொழிலில் விடுமுறை இப்படித்தான் தொடங்கும். ‘ஆசிரியரின் விடுமுறை இலக்குகள் ஐந்து. இன்று மாலை நான்கு மணிக்குள்.’ நீங்களும் ஆசிரியராக இருந்தால் அந்த ஐந்தையும் இந்நேரம் மனதுக்குள் நிரப்பி முடித்திருப்பீர்கள். மதியம் படுத்துத் தூங்குவது அதில் சேராது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதல் இலக்குக்கு நான் யோசிக்கவே இல்லை. எட்டாம் வகுப்பு முனீஸ்வரி மூன்று வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. தேர்வும் எழுதவில்லை. பள்ளி திறந்த பிறகும் வராவிட்டால் பெயரை இடைநின்றோர் பட்டியலில் ஏற்றிவிட வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அந்தப் பட்டியலில் ஏறிய பெயர் எதுவும் எங்கள் பள்ளியில் இதுவரை இறங்கியதில்லை. ‘முனீஸ்வரியைத் திரும்பப் பள்ளிக்கு வரவைப்பது’ என்று தட்டினேன். ‘எண்ணால் மட்டும் நிரப்பவும்’ என்று சிவப்பில் காட்டியது. கைபேசியைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

“இலக்குன்னா எல்லாருக்கும் பொதுவா இருக்கணும். ஒரு பிள்ளைக்கு எப்படி டீச்சர் சதவீதம் போடுறது?”

கழிவிலிருந்து கலை

இலக்குகளோடு கைவினையும் உண்டு. வீணாகும் பொருள்களிலிருந்து ஆளுக்கொரு கற்பித்தல் கருவி செய்ய வேண்டும். தன் கையாலேயே செய்ய வேண்டும். செய்து படம் எடுத்து வட்டார வாட்ஸப் குழுவில் போட வேண்டும். நான் அறிவியல் ஆசிரியை. தாவரத் தண்டின் குறுக்குவெட்டைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய காகிதக் குழாய்கள் நீர் ஏற்றும் சைலம், சிறிய குழாய்கள் உணவு கடத்தும் புளோயம், எல்லாவற்றையும் நிறுத்திவைக்க ஒரு பிளாஸ்டிக் மூடி. புத்தகத்தில் பார்க்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

என் கணவர் காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். அச்சுப் பிசகிய தினசரித் தாள்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு தாளில் ஒரே நாளுக்கு இரண்டு ராகு காலம் இருந்தது. பென்சிலில் சுற்றிப் பசை தடவி, பென்சிலை உருவியதும், குழாய் ஒரு பெருமூச்சு விட்டுப் பிரிந்துகொண்டது. காலையிலிருந்து மதியம் வரை சுற்றியதில் நின்றவை மூன்று. அந்த மூன்றும் மூன்று அளவில் இருந்தன. சாப்பிட வந்த கணவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“இந்தப் பட்டாசுத் தாலுகாவுலயே குழாய் சுத்தத் தெரியாத ஒரே ஆளு நீதான்.”

சும்மா இருப்பவர்

கிறிஸ்துமஸ் வாரம் சர்ச்சில் வேலை பிரித்தார்கள். நர்சுகளுக்கு டூட்டி இருந்தது. அச்சகக்காரர்களுக்கு ஆர்டர் இருந்தது. மிச்சம் நான் இருந்தேன். குடில் வைப்பது, நட்சத்திரம் கட்டுவது, சிறுபிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பது மூன்றும் எனக்கு வந்தன. விருதுநகர் வெயிலில் பெத்லகேமுக்குப் பனி வேண்டுமென்று பஞ்சு ஒட்டினேன். நாடகத்தில் மேய்ப்பர்கள் ஒன்பது பேர், ஆடு ஒன்று. ஆடாக நடிக்க ஒத்துக்கொண்ட பிள்ளைக்கும் கடைசி நாளில் காய்ச்சல். விரலில் பசை காய்ந்து தோல் உரிந்துகொண்டிருந்தபோது, அரசு மருத்துவமனையில் நர்சாக இருக்கும் ஸ்டெல்லா அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

“உங்களுக்கென்ன டீச்சர், பள்ளிக்கூடமும் இல்ல, பிள்ளைகளும் இல்ல. ஒம்பது நாளும் உங்களுதுதானே.”

ஆர்டர்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எம். புதுப்பட்டி பஸ்ஸில் ஏறி முனீஸ்வரி வீட்டுக்குப் போனேன். அங்கே பேச வேண்டியதைப் பஸ்ஸிலேயே மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். படிப்பு ஏன் வேண்டும், எட்டாம் வகுப்போடு நின்றால் என்ன ஆகும், அவள் எவ்வளவு கெட்டிக்காரி. பேச்சு நன்றாகவே வந்திருந்தது.

அவள் அம்மா பாக்கியம் வாசலுக்கு வந்து, “வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா?” என்றாள். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்திருக்கிறாள். பட்டாசுக் கம்பெனிக்குப் போக முடியாததால் வெறும் குழாய் சுற்றும் வேலையை வீட்டுக்கே வாங்கியிருக்கிறாள். சுற்றுவது முனீஸ்வரி. தரையில் பலகை, பசைக் கிண்ணம், நறுக்கிய காகிதம், இரும்புக் கம்பி. கம்பி ஒருமுறை உருண்டால் ஒரு குழாய் விழுந்தது. சுவரோரம் நூற்று நாற்பத்துநான்கு குழாய்களாகக் கட்டி அடுக்கியிருந்தார்கள். ஒரு கட்டு ஒரு குரோஸ். எல்லாம் ஒரே நீளம், ஒரே இறுக்கம். ஒன்றுகூடப் பிரியவில்லை. வீட்டில் கிடக்கும் என் மூன்று குழாய்கள் நினைவுக்கு வந்தன. பஸ்ஸில் தயாரித்த பேச்சு எங்கோ போய்விட்டது. என் வாயிலிருந்து வேறொன்று வந்ததை நானே கேட்டேன்: “முனீசு, இதே மாதிரி பெருசுல கொஞ்சம், சிறுசுல கொஞ்சம் டீச்சருக்குச் சுத்தித் தருவியா?”

அவள் தலை நிமிராமல் அடுத்த தாளை எடுத்துக்கொண்டு கேட்டாள்.

“எத்தன குரோஸ் டீச்சர்?”

உழைக்கும் கைகள்

பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஒரு பை குழாயோடு வீட்டுக்கு வந்தேன். இதை இப்படியே எழுதிவிடுவது நல்லது. மறுநாள் காலை குழாய்களை மூடிக்குள் நிறுத்தி, சிவப்பும் பச்சையும் பூசி, படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கீழே என் பெயர். கைதட்டும் படங்கள் வரிசையாக வந்தன. மேற்பார்வை அலுவலர், ‘விடுமுறையிலும் ஓயாத உழைக்கும் கைகளுக்கு வாழ்த்துகள்!’ என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் அவரே அழைத்தார். பள்ளி திறக்கும் நாளில் நேரில் வருவாராம். வகுப்பில் வைத்து நான் குழாய் சுற்றிக் காட்ட வேண்டுமாம். அதைக் காணொளியாக எடுத்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புவார்கள். பிறகு அந்தக் காகிதத் தண்டு, சூலக்கரையில் நடக்கும் கண்காட்சிக்குப் போகும். அங்கே எங்களுக்கு ஒதுக்கிய மேசைக்கு அடுத்த மேசை குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்கு.

தலைமையாசிரியர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். எனக்குச் சுற்றத் தெரியாது என்பதையும் சொன்னேன். அவர் மனைவி கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டியது. கடைசியில், காணொளியில் முனீஸ்வரி என் பக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்று கண்டுபிடித்தார்.

“பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கு அந்தப் பிள்ளை வந்தே ஆகணும் டீச்சர். நூறு சதவீதம்.”

நூற்றுக்கு ஏழு

அன்றைக்கே இருவரும் பாக்கியத்தின் வீட்டுக்குப் போனோம். கல்வி உரிமையைப் பற்றித் தலைமையாசிரியர் கால் மணி நேரம் பேசினார். நான் பஸ்ஸில் தயாரித்ததைவிட நன்றாக இருந்தது. பாக்கியம் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, “சொல்றதெல்லாம் சரி சார். பள்ளிக்கூடம் திறந்து வர்ற சனிக்கிழமை லோடு ஏத்தணும். என் கையில மாவுக்கட்டுப் பிரிக்கப் பொங்கல் கழியணும். ரெண்டு கைக்கு மட்டும் வழி சொல்லுங்க,” என்றாள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். புத்தாண்டு போக, விடுமுறையில் நான்கு நாள் பாக்கி இருப்பதாகச் சொன்னேன். ஒரு படிவம் அனுப்ப வேண்டியிருக்கிறது என்று அவர் வண்டியை எடுத்தார்.

நான்கு நாளும் போனேன். முனீஸ்வரி எழுதாமல் விட்ட அரையாண்டு வினாத்தாள்களைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிட்டு, பலகை முன்னால் நான் உட்கார்ந்தேன். அவள் சுவரோரம் தேர்வு எழுதினாள். நான் சுற்றினேன். பாக்கியம் மாவுக்கட்டை மடியில் கிடத்திக்கொண்டு, இடது கையால் என் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்து, நல்லதை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் போட்டாள். திட்டவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்தும்போது என் முகமும் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. முதல் நாள் சாயங்காலம், எத்தனை தேறியது என்று பயந்துகொண்டே கேட்டேன்.

“நூத்துக்கு ஏழு தேறும் டீச்சர். மத்ததுல மருந்து வச்சா பக்கவாட்டுல வெடிக்கும்,” என்றாள்.

அதே சாயங்காலம் அறிவியல் தாளைத் திருத்தினேன். முனீஸ்வரி நூற்றுக்கு எழுபத்தொன்று. சைலத்தின் பணி என்ன என்ற கேள்வியை மட்டும் விட்டிருந்தாள். நான்காம் நாள் என் குழாயில் நூற்றுக்கு ஐம்பது தேறியது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என்ன முடிவு என்று கேட்டேன். பாக்கியம் சுவரோரக் கட்டுகளை ஒருமுறை எண்ணிவிட்டுச் சொன்னாள்.

“திறக்கிற அன்னைக்கு அனுப்புறேன். மறுநாளும் அவ வரணும்னா, அன்னைக்குச் சாயங்காலம் நீங்க இங்கன வந்து உக்காரணும்.”

காணொளி

பள்ளி திறந்த அன்று முனீஸ்வரி சீருடையில் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். சீருடையின் கை ஓரத்தில் பசை காய்ந்திருந்தது. கம்பியைப் பிடிக்க அவளைக் கூப்பிடச் சொல்லித் தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியிலிருந்து கண்ணைக் காட்டினார். நான் பார்க்காததுபோல் இருந்தேன். அலுவலர் கைபேசியை உயர்த்தினார். கம்பியில் தாளை வைத்து உருட்டினேன். என் இரண்டு குழாயில் ஒன்று பிரியும் என்பது எனக்கும் முனீஸ்வரிக்கும் மட்டும்தான் தெரியும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என் விரலையே பார்த்தாள். குழாய் நின்றது. அதைத் தண்டின் நடுவில் செருகச் சொன்னார் அலுவலர். செருகினேன்.

“எவ்வளவு எளிமை பாருங்கள்!” என்று கைபேசியிடம் சொன்னார். அந்த உற்சாகத்தில் கைபேசியை வகுப்பின் பக்கம் திருப்பி, “மாணவர்களே, இதே மாதிரி உங்களில் யார் யாரால் செய்ய முடியும்?” என்று கேட்டார். வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். முப்பத்தொரு கைகளும் உயர்ந்தன. எந்தக் கேள்விக்கும் என் வகுப்பில் அத்தனை கைகள் உயர்ந்ததில்லை. முன்வரிசையில் ஒருத்தி எழுந்து, “சார், எந்த சைசு வேணும்? லட்சுமி வெடி சைசா, சரவெடி சைசா?” என்றாள். கைபேசி மெதுவாகக் கீழே இறங்கியது. அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குரலையும் இறக்கி என்னிடம் சொன்னார்.

“இத குரூப்புல போட வேணாம் டீச்சர்.”

நிறைவு அறிக்கை

காகிதத் தண்டு சூலக்கரைக்குப் போகவில்லை. கண்காட்சியில் எங்களுக்கு இருந்த மேசையில் வேறு பள்ளியின் எரிமலையை வைத்துக்கொள்வதாகத் தகவல் வந்தது. அன்று சாயங்காலம் நான் பாக்கியத்தின் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, அடுத்த படிவம் வந்தது. ‘நிறைவேறிய விடுமுறை இலக்குகள் எத்தனை?’ பசைக் கையோடு ஒன்று என்று தட்டினேன். குறைந்தது மூன்று வேண்டும் என்றது. ஐந்து என்று தட்டினேன். நன்றி சொல்லியது. பக்கத்தில் இருந்த பாக்கியம் திரையை எட்டிப் பார்த்தாள்.

“எங்க கம்பெனில இப்படிக் கணக்குக் குடுத்தா வேன்ல ஏத்த மாட்டாக டீச்சர்.”

ஒன்பது நாள் விடுமுறையில் நான் சாதித்தது என்று சொன்னால், குழாயில் பாதி மதிப்பெண்ணும், வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரும், அந்தப் பெயருக்காக இந்தச் சனிக்கிழமை வரை தினமும் சாயங்காலம் பிடிக்க வேண்டிய ஒரு பஸ்ஸும்தான்.

மறுநாள் காலை பெயர் வாசித்தேன். முனீஸ்வரி “உள்ளேன் டீச்சர்” என்றாள். முதல் பாடவேளையில் சைலத்தின் பணியைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மேசையில் இருந்த தண்டில், நடுவில் நான் செருகிய குழாய் பிரிந்து மேலே எழும்பியிருந்தது. முனீஸ்வரி நோட்டைக் காட்ட வந்தாள். அந்தக் குழாயை உருவி, தன் பென்சிலில் ஒரு சுற்று இறுக்கிச் சுற்றி, திரும்ப அதே இடத்தில் செருகிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.