சத்தம் வெளியே போகாத அறை

“…இதுக்குள்ள இரிந்து அழ ஏலாது. வாய்க்குள்ள சீலையைத் திணிச்ச மாதிரிக் கிடக்கு” என்றாள் மலர், என் மனைவி. கையில் தொலைபேசி இருந்தது. மறுமுனையில் யாரும் இல்லை. வவுனியா முகாமிலிருந்து பேசியவர், அவளுடைய தம்பி ரவி இறந்துவிட்டான் என்பதை நான்கு வசனத்தில் சொல்லிவிட்டு வைத்திருந்தார். போர் முடிந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரொன்றில், எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில், நானே என் கையால் கட்டி முடித்த குடும்ப அறையின் நடுவில் அவள் நின்றாள். “தம்பீ” என்று ஒரு தரம் குரலெடுத்தாள். அந்தக் குரல் ஒரு முழம் தூரம்கூடப் போயிருக்காது, சுவர் குடித்துவிட்டது. இன்னொரு தரம் முயன்று பார்த்தாள். பிறகுதான் அப்படிச் சொன்னாள். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த நினைப்பை எழுத வெட்கமாக இருக்கிறது. நான் செய்த வேலை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

இந்த அறையை ஏன் இப்படிக் கட்டினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம், படம் பார்க்க என்றே சொல்லி வந்தேன். அது பொய். உண்மையைச் சொல்ல, கடல் சுனாமியாக ஊருக்குள் வந்த அந்த நத்தார் விடுமுறைக்குப் போக வேண்டும். மலர் மட்டக்களப்பில் கடலோரத் தேற்றாத்தீவுக்காரி. நான் வாவிக்கு மேற்கே, பழுகாமம். எங்கள் பக்கத்தைப் படுவான்கரை என்பார்கள், சூரியன் விழுகிற கரை. அவள் பக்கம் எழுவான்கரை. கல்யாணம் கட்டிய புதிதில், “சூரியன் எங்கட வாசல்ல முகம் கழுவிட்டுத்தான் உங்கட பக்கம் வாறது, தெரியுமா?” என்று என்னைச் சீண்டுவாள். கடலும் அவள் வாசலுக்குத்தான் வந்தது. அப்போது நாங்கள் ஒரு அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஒரு நாள் முழுக்கத் தொலைபேசி எடுபடவில்லை. மறுநாள் முற்பகல் எடுபட்டது. “அக்காவை எடுத்தாச்சு” என்றார்கள் மலரின் வீட்டார். உயிரோடு இருப்பவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. மலர் தரையில் விழுந்து குரலெடுத்தாள்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் அழுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது ஒருத்தி தனக்குள் அழுகிற அழுகை இல்லை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் அயல் வரும். உலை வைத்தவள் அதை இறக்கி வைத்துவிட்டு வருவாள். வேலிப் பொட்டுக்குள்ளால் ஒருத்தி, ஒழுங்கையால் ஒருத்தி என்று வந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, செத்தவரின் கதையைப் பிறப்பிலிருந்து சொல்லிச் சொல்லி அழுவார்கள். என் மாமா ஒருவர் வயல் வட்டையில் இராக்காவலுக்குப் போகிறவர். “கத்தினா வயலுக்கு அங்கால கேக்கோணும், இல்லாட்டிக் கத்தப்படாது” என்பார். அவர் சொன்னது பன்றி விரட்டுவதை. எங்கள் ஊர்த் துக்கத்துக்கும் அது பொருந்தும். பதினோராம் மாடியிலும் மலரின் குரல் கேட்டு ஆள் வந்தது. வந்தது இரண்டு பொலிஸ்காரர்கள்.

கதவில் தட்டுச் சத்தம் கேட்டதும் நான் செய்ததை ஊரில் உள்ளவர்கள் விளங்கிக்கொள்வார்கள். எங்களுக்குக் கதவு தட்டுகிற சத்தமும் சீருடையும் என்னவென்று தெரியும். கதவுத் துளையால் பார்த்துவிட்டு, ஓடிப்போய் மலரின் வாயைக் கையால் பொத்தினேன். “சத்தம் போடாத புள்ள, பொலிஸ்” என்றேன். பிறகு கதவைத் திறந்தேன். முன்னால் நின்றவன் நல்ல முகமுள்ள ஒரு இளைஞன். “எவ்ரிதிங் ஓகே?” என்று கேட்டான். ஒரு பெண் அலறுகிறாள், புருஷன் அடிக்கிறான் போலிருக்கிறது என்று அயலவர் யாரோ சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது அப்போது புரியவில்லை. விசா, வழக்கு, திருப்பி அனுப்புதல் என்று என் தலைக்குள் வேறு ஏதேதோ ஓடியது. “ரீவி. மூவி” என்றேன். அவன் என் தோளுக்கு மேலால் மலரைப் பார்த்து, “ஆர் யூ ஓகே, மேடம்?” என்றான். மலர் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். என் மனைவியின் அக்கா செத்துவிட்டாள் என்று ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு ஐந்து சொல் போதும். அந்த ஐந்தும் எனக்குத் தெரிந்தவைதான்.

அதற்குப் பிறகு மலர் சத்தமாக அழவில்லை. முப்பத்தோராம் நாளுக்கும் இல்லை, ஆண்டுத் திவசத்துக்கும் இல்லை. ஒரு நாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே, “அக்காவைப் படமாக்கிப் போட்டீங்க” என்றாள். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் கையில் இருந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

நாலு வருஷம் கழித்து இந்த வீட்டை வாங்கினோம். வன்னியில் சண்டை இறுகத் தொடங்கியிருந்தது. ரவி அங்கே கல்யாணம் கட்டி, லொறி ஓடிக்கொண்டிருந்தவன். மாசிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த மாதம்தான் நான் பேஸ்மென்ட் வேலையைத் தொடங்கினேன். என்ன வரப்போகிறது என்று என் மனம் அறிந்திருந்தது. வந்தால் மலர் அழ வேண்டும், அழுதால் பொலிஸ் வரக்கூடாது. அவ்வளவுதான் என் திட்டம். ஆள் உயிரோடு இருக்கும்போதே அவனுக்கான அழுகைக்கு இடம் கட்டியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

எனக்கு யாரும் சொல்லித்தந்த தொழில் இல்லை அது. கேட்டும் பார்த்தும் பிழைவிட்டும் செய்ததுதான். முதலில் முட்டைத் தட்டுக்களைச் சேர்த்து ஒட்டினேன். களுதாவளைக் கூட்டாளி யோகன் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “என்ன மச்சான், கோழி வளக்கப் போறியா? முட்டைத் தட்டு முந்தி வந்திரிக்கு, கோழி எப்ப வரும்?” முட்டைத் தட்டு சத்தத்தைப் பிடிக்காது, கல்லிலிருந்து செய்கிற ஒருவகைப் பஞ்சு இருக்கிறது, அதை வாங்கு என்று அவன்தான் சொன்னான். சாமான் கடையில் காதில் பென்சில் சொருகிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர், “ட்ரம்ஸ்?” என்று கேட்டார். என் மனைவி அழுவதற்கு என்று எப்படிச் சொல்வது? “யெஸ், ட்ரம்ஸ்” என்றேன். அன்றிலிருந்து கண்ட நேரமெல்லாம் மேளம் எப்படிப் போகிறது என்று விசாரிப்பார். ஒரு நாள் அக்கறையாக ஒன்று சொன்னார். எல்லாச் சுவரையும் மூடாதே, கொஞ்சம் வெறுஞ்சுவர் விடு, நாம் கொடுக்கிற சத்தம் கொஞ்சமாவது திரும்பி வர வேண்டும், வராவிட்டால் மனுஷருக்கு அது பிடிக்காது என்றார். நான் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, இன்னும் நாலு கட்டுப் பஞ்சு வாங்கினேன்.

கூரை மரங்களுக்கு இடையில் பஞ்சு அடைத்துப் பலகை அடித்தேன். கதவு இடுக்குக்கு ரப்பர் வைத்தேன். சுவருக்கு மரச்சட்டம் அடித்து, உள்ளே பஞ்சு வைத்து, மேலே துணி இழுத்துக் கட்டினேன். துணியில் வாயை வைத்து ஊதினால் மூச்சு அந்தப் பக்கம் போக வேண்டும், அப்படிப்பட்ட துணிதான் சரி. கடைத்துணி ஒன்றும் சரிவரவில்லை. மலர் பெட்டியைத் திறந்து, காத்தான்குடிக் கைத்தறி விரிப்புகளை எடுத்து வந்தாள். அக்கா வாங்கி அனுப்பியவை, ஒன்றும் விரித்ததே இல்லை. “இது மூச்சு விடும்” என்றாள். அவள் மூலையை இழுத்துப் பிடிக்க, நான் ஸ்டேப்பிள் அடித்தேன். பாதி வேலையில், “இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்டாள்.

“படம் பாக்கத்தான்.”

“ம்” என்றாள். மூலையை விடவில்லை.

பதினொரு சட்டம் மாட்டி முடித்த அன்று நடுவில் நின்று கை தட்டினேன். தட்டின சத்தம் எதிரொலிக்காமல் அங்கேயே செத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மலரைக் கூப்பிட்டு, “இப்ப நீ எவ்வளவு கத்தினாலும் மேல கேக்காது புள்ள” என்றேன். “நான் ஏன் கத்தப் போறன்?” என்றுவிட்டு, அடுப்பில் கறி இருக்கிறது என்று மேலே போய்விட்டாள். அவள் முகத்தை அன்றைக்குச் சரியாகப் பார்த்திருக்கலாம். சட்டங்கள் நேராகத் தொங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அறைக்குள்தான் இப்போது ரவியின் சேதியோடு நின்றாள். நான் பக்கத்தில் போய், “அழு மலர். இஞ்ச அழலாம். ஒருத்தருக்கும் கேக்காது” என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

“ஒருத்தருக்கும் கேக்காட்டி அது என்ன அழுகை?” என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்து, “அண்டைக்குக் கையால பொத்தினீங்க. இண்டைக்குச் சுவரால பொத்திரிக்கீங்க. அவ்வளவுதானே?” என்றாள்.

இத்தனை மாதம் அளந்து, அறுத்து, அடைத்து நான் கட்டியது அவளுக்கான அறை என்றே நம்பியிருந்தேன். என் பயத்துக்குத்தான் கட்டியிருக்கிறேன். என் பிழைக்குப் பரிகாரம் தேடி, அதே பிழையை இன்னும் பெரிதாக, பலகை அடித்துச் செய்து வைத்திருக்கிறேன்.

மலர் தொலைபேசியைச் சோபாவில் போட்டுவிட்டுப் படியேறினாள். நான் பின்னால் போனேன். முன்கதவைத் திறந்து, செருப்புக்கூடப் போடாமல் இறங்கி, பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். அங்கே தனியாக இருக்கிற ஒரு வெள்ளைக்கார அம்மா. வந்த நாளிலிருந்து கைகாட்டிச் சிரித்திருக்கிறோம், பெயர் கேட்டதில்லை. நான் எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டேன். மலர் மணியை அடித்தாள். அந்த அம்மா கதவைத் திறந்தார். ஆறேழு வருஷமாகக் கடையில்கூட என்னைப் பேசவிட்டுப் பின்னால் நிற்கிறவள், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“மை பிரதர் டை. ஐ க்ரை நவ். வெரி லவுட். நோ பொலிஸ். பிளீஸ்.”

அந்த அம்மா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மலரும் அதற்குக் காத்திருக்கவில்லை. படியிறங்கி வந்தாள், ஆனால் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே, யாருக்குச் சொந்தமென்று எனக்கு இன்றும் தெரியாத அந்தத் துண்டுப் புல்லில் குந்தி, கொண்டையை அவிழ்த்துவிட்டு, குரலெடுத்து, அக்காவிலிருந்து அழத் தொடங்கினாள்.