ஓட்டை போட்ட கிரேக்க வடை

எங்கள் தெருவில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறினால் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். உளுந்த வடையா, பருப்பு வடையா, கீரை வடையா என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவார்கள். நாங்கள் கிரேக்க நாட்டு வடை சுட்ட அன்று மட்டும் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்ன தீயுது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. திண்டுக்கல்லில் அங்கொரு வீடு இங்கொரு வீடு என்று இன்டர்நெட் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அப்பாவுக்குப் பூட்டுக் கடை. மகள் படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் கூடத்தில் வைத்தார். நான் அதில் சீட்டு விளையாடினேன். அதை உருப்படியாகப் பயன்படுத்தியவர் என் அத்தைதான், அப்பாவின் தங்கை.

அத்தை எங்களோடுதான் இருந்தார். மாமாவுக்கு வெளியூரில் வேலை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குக்கூட வர முடியாத அளவுக்கு அது என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கான்வென்டில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர் அத்தை. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு எங்கும் போகவில்லை. அம்மாவின் அடுப்படியில் வெங்காயம் உரிப்பார், தேங்காய் துருவுவார். தாளிப்பது, உப்புப் போடுவது, இறக்குவது எல்லாம் அம்மா. அம்மாவின் கரண்டியை இன்னொருவர் தொட்டால் அன்றைக்குக் குழம்பு ருசிக்காது, அம்மாவுக்கு.

மத்தியானம் அம்மா கண்ணயரும் நேரத்தில் அத்தை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷில் சமையல் வலைப்பதிவு எழுதினார். அன்று வைத்த குழம்பு, அதன் போட்டோ, அதைப் பற்றி நாலு பத்தி. முதலில் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு மலேசியாவிலிருந்து ஒரு அம்மா வந்தார், கனடாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவர்கள் எழுதுவதற்கு அத்தை பதில் போடுவார். அத்தை போடும் பதிலுக்கு அவர்கள் மறுபடி எழுதுவார்கள். முகம் பார்க்காத பெண்கள், ஒருத்தி வீட்டில் புளி தீர்ந்தது இன்னொருத்திக்குத் தெரியும் என்ற அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

அவர்களில் எலேனி என்பவர் கிரீஸ் நாட்டில் ஒரு தீவில் இருந்தார். அத்தை எழுதியதைப் பார்த்துப் பருப்பு உருண்டைக் குழம்பு வைத்திருக்கிறார். உருண்டையெல்லாம் கரைந்து கூழாகிப் போயிற்று. அந்தக் கூழைப் போட்டோ எடுத்துத் தன் பதிவில் போட்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டோம் என்று எழுதினார். அத்தை அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அம்மாவின் தூக்கம் கலைந்துவிட்டது. அத்தைக்கு அவ்வளவு சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதிலிருந்து அவர்கள் இருவரும் சிநேகிதிகள்.

ஒரு நாள் சீட்டு விளையாட உட்கார்ந்தபோது அத்தை மூடாமல் விட்டுப் போன பக்கம் திறந்திருந்தது. பாகற்காய்ப் பொரியல் போட்டோவில் என் கையும் தெரிந்ததால் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'என் அடுப்படியில்' என்று தொடங்கி, 'என் மகளுக்குப் பாகற்காய் ஆகாது' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் பாகற்காய் ஆகாதவள் நான் ஒருத்திதான். ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"இங்கிலீசுல அப்படித்தான் எழுதுவாக போல. நீ போய்ப் படி" என்றார்.

நானும் நம்பிவிட்டேன். இங்கிலீஷில் நமக்குப் புரியாத வழக்கங்கள் எத்தனையோ.

தவக்காலம் வந்தது. வீட்டில் நாற்பது நாளைக்குக் கறி கிடையாது. பிரியாணி வாசனையோடு விடியும் ஊரில் அது பெரிய சோதனை. அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வந்தார். எலேனி வீட்டிலும் தவக்காலம்தான். இருவரும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒரே பலகாரம் செய்வது, கேமராவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே செய்வது என்று முடிவாயிற்று. எலேனி ஊரில் வெள்ளரிபோல ஒரு காயைத் துருவி, புதினா போட்டு, மாவில் பிசைந்து எண்ணெயில் சுடும் வடை. அதன் பெயரை அத்தை சொன்னதும், "பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆறிப் போயிரும்போல" என்றார் அப்பா. அந்தக் காய் கொடைக்கானல் பக்கம் விளைகிறது என்றார்கள், மார்க்கெட்டில் கிடைக்கவில்லை. பிஞ்சுச் சுரைக்காய் வாங்கி வந்தோம்.

அத்தை சனிக்கிழமை சாயங்காலத்தைத் தேர்ந்தெடுத்தார். அப்பா கடையில் இருப்பார், அம்மா மாதா சபைக் கூட்டத்துக்குப் போய்விடுவார். அது ஏன் அந்த நேரம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கம்ப்யூட்டர் மேசையை அடுப்படி வாசல்வரை இழுத்தோம். துபாயிலிருந்து வந்த பெரியப்பா கொடுத்த கேமராவை அதன் தலையில் மாட்டினோம். அம்மா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியதை அத்தை ஜன்னல் வழியாக இரண்டு முறை பார்த்தார். அன்றைக்கென்று கரண்டும் போகவில்லை.

திரையில் எலேனி வந்தார். நரைத்த தலை, உருண்டை முகம், கை நிறைய மாவு. எங்கள் பாதிரியாருக்கு அக்கா என்று சொன்னால் நம்பலாம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார்கள். பிறகு அத்தை முதல் ஈட்டைப் போட்டார். அது சட்டியில் விழுந்ததும் பிரிந்து பூப்பூவாக மிதந்தது. அடுத்ததும் அப்படியே. அத்தைக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. தீயும் வாசனை டீச்சர் வீடுவரை போனது அப்போதுதான்.

எலேனி பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, என் பக்கம் கையைக் காட்டி, இதுதான் உன் மகளா என்று கேட்டார். கண் அச்சாக உன் கண் என்றார்.

அத்தை திரையைப் பார்க்கவில்லை, என் பின்னால் வாசலைப் பார்த்தார். திரும்பினேன். அம்மா நின்றுகொண்டிருந்தார். செபமாலையை மறந்துவிட்டு எடுக்க வந்தவர், அதைக் கையில் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை.

மகள் இல்லை, மருமகள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். இங்கிலீஷில் அதற்கு என்ன வார்த்தை என்று தேடுவதற்குள் அம்மா உள்ளே வந்து என் தோளில் கை வைத்தார்.

"எஸ். டாட்டர்" என்றார் கேமராவைப் பார்த்து. பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "ஐ, ஆன்ட்டி" என்றார்.

அம்மா இங்கிலீஷ் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. செபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு சட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, சுரைக்காயப் பிழியாமலா போட்ட?"

"பயத்துல மறந்துட்டேன் மதினி."

"இதுக்கு என்ன பயம்? செத்த நேரத்துல ஆயிரும். பொட்டுக்கடலை மாவ எடு."

நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "அப்ப நீ எனக்கு யாரும்மா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு நான் ஒனக்கு அத்தை. பேசாமத் தட்டை எடுத்துட்டு வா."

எனக்கு இது பிடித்துப்போயிற்று. அத்தை அம்மாவானால் அம்மா அத்தையாவார், அப்பா மாமாவாவார். கணக்கு சுத்தமாக வந்தது. அம்மா சுரைக்காயைப் பிழிந்து, மாவைச் சேர்த்துப் பிசைந்து, வாழை இலையில் தட்டி, பழக்க தோஷத்தில் நடுவில் விரலால் ஓட்டை போட்டுச் சட்டியில் விட்டார். எலேனி திரைக்குள் தலையையே நுழைத்துவிடுவார்போலக் குனிந்து, ஓட்டை எதற்கு என்று கேட்டார். "இன்சைட் ஆல்சோ வேகணும்" என்றார் அம்மா. எப்படியோ அது புரிந்து, எலேனியும் தன் வடைகளில் ஓட்டை போட்டார். அதுவரை தன் கரண்டியை யாருக்கும் தராத அம்மா அதை அத்தையிடம் நீட்டி, "நீயே எடு, ஒன் சட்டி" என்றார்.

மறு வாரம் எலேனியின் பதிவில் ஓட்டை போட்ட வடைகள் வந்தன. கனடாப் பெண்ணும் மலேசிய அம்மாவும் ஆளுக்கொரு ஓட்டையோடு சுட்டுப் போட்டோ போட்டார்கள். அப்பா மட்டும், "சுரைக்காய் வடைன்னு சொன்னா ஆகாதா" என்று கேட்டுக்கொண்டே ஒரு தட்டைக் காலி செய்தார்.

குழந்தை இல்லை என்று அத்தையை அவர் புகுந்த வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அம்மா அந்த வலைப்பதிவைப் பற்றி அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னிடமும் பேசியதில்லை. அதற்குப் பிறகும் அந்தப் பதிவில் நான் மகளாகவே இருந்தேன். என் பத்தாம் வகுப்பு மார்க்குக்கு எலேனி வாழ்த்துச் சொன்னது வரைக்கும்.

அன்றைய தினம் திரை அணைந்ததும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பினார். எனக்கு விளையாட்டை விட மனசில்லை. வாசல்வரை போய், "போய்ட்டு வாங்க அத்தை" என்றேன். அம்மா சிரித்தார். உள்ளே ஓடி வந்து, பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த அத்தையிடம், "அம்மா, இன்னொரு வடை குடும்மா" என்று கையை நீட்டினேன். அத்தை ஒரு வடையை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பி நின்றார். வெகுநேரம் அப்படியே நின்றார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. எண்ணெய்ப் புகை என்றுதான் நினைத்தேன். அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.