உறையாத காலியம்

பாதரசம் ஒன்றுதான் நம் கண்ணெதிரே திரவமாக நிற்கும் உலோகம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே எனக்குப் பல வருடங்கள் போயிருந்தன. இரும்பு Fe, திண்மம். செம்பு Cu, திண்மம். சோடியம் Na, கத்தியால் வெட்டலாம், ஆனாலும் திண்மம். Hg மட்டும் திரவம். பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். நானும் தலையாட்டிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். அப்புத்தளை மலைமுகட்டில் எங்கள் பள்ளிக்கூடம். காலை வெயில் கொஞ்சம் ஏறியதும் பெரகல பக்கமிருந்து மூடுபனி கிளம்பி, தேயிலை மலைகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு, கேட்டுக்கொள்ளாமலே வகுப்புக்குள் வந்துவிடும். பின்வரிசைப் பிள்ளைகள் குரலாக மட்டும் இருப்பார்கள். பாதித் தூக்கத்தில் நடத்திய பாடங்களாகத்தான் அந்த வருடங்கள் எனக்கு ஞாபகத்தில் இருக்கின்றன.

பிள்ளைகளுக்குக் குறியீடுகள்தான் தலைவலி. சோடியத்துக்கு ஏன் Na, பொற்றாசியத்துக்கு ஏன் K என்று ஒவ்வொரு வருடமும் யாராவது சண்டைக்கு வருவார்கள். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவளான எனக்கு இதில் அதிசயம் எதுவும் தெரிந்ததில்லை. வீட்டில் கூப்பிடுவது ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இருப்பது வேறொரு பெயர் என்றுதான் எங்களில் பாதிப் பேர் இருக்கிறோம். "ஒங்களுக்கு ரெண்டு பேரு இருக்குல்ல, அதுக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்பேன். அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

அவர் வந்தது அப்படியொரு மூடுபனி நாளில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து இரசாயனம் படிப்பிக்க வந்தவர். எனக்கு அவர்மேல் வந்த முதல் உணர்ச்சி எரிச்சல். அவர் ஒன்றும் செய்யவில்லை; அங்கிருந்து வருபவர்கள் எல்லார்மேலும் எனக்கு அந்த எரிச்சல் இருந்தது. கஷ்டப் பிரதேசம் என்று எங்கள் ஊருக்கு ஒரு பட்டம். கட்டாயச் சேவைக்காலம் முடியும்வரை இருப்பார்கள், பிறகு இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். போகிறவருக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிரியாவிடை வைத்து, சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுப்போம். எப்போதும் சுவர்க்கடிகாரம்தான். யாழ்ப்பாணத்து வீடுகளில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கடிகாரங்கள் எத்தனை ஓடிக்கொண்டிருக்கும் என்று நான் கேலியாக நினைத்துக்கொள்வேன். இவருக்கும் ஒன்று வாங்க வேண்டியிருக்கும் என்றுதான் அன்றும் நினைத்தேன். வந்த வாரமே அவர் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருந்தார். அம்மா அங்கே தனியாக இருக்கிறார் என்று காரணமும் சொன்னார்.

அவரிடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் தங்கை அனுப்பியதாம். உள்ளே வெள்ளிபோல் ஏதோ ததும்பியது. பாதரசம் என்றுதான் நானும் நினைத்தேன். அது காலியம், Ga. உள்ளங்கைச் சூட்டுக்கே உருகிவிடும் உலோகம். யாழ்ப்பாணத்து வெயிலில் அது பெரும்பாலும் உருகித்தான் கிடக்குமாம். அங்கிருந்து அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆய்வுகூடச் சுவரில் உலோகங்களை வரிசையாக எழுதி ஒட்டினார். குறியீடு ஒரு பக்கம், அறை வெப்பநிலையில் அதன் நிலை மறுபக்கம். Ga என்ற இடத்தில் திண்மம் என்று எழுதியிருந்தார்.

"சேர், போத்தல்ல இருக்கிறது தண்ணி மாதிரி ஆடுதே" என்றாள் ஒருத்தி.

"அறை வெப்பநிலை எண்டால் இருபத்தைஞ்சு பாகை, பிள்ளை. அதிலை இது திண்மம்."

"எந்த அறை சேர்?" என்றாள் அவள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டிருந்த அவரும் சிரித்தார். எங்கள் அறைகள் எதுவும் அந்தச் சூட்டைக் கண்டதில்லை. அப்படியானால் இந்தக் குளிரில் அது கல்லாக அல்லவா இருக்க வேண்டும், ஏன் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது என்று நான்தான் கேட்டேன்.

"இதுக்குக் குளிர் மட்டும் காணாது, டீச்சர். உருகினது உருகினபடியே கன நாள் நிக்கும். ஏற்கெனவே உறைஞ்ச ஒரு துண்டு உள்ளுக்குப் போய்ப் பட்டால்தான் உறையும்" என்றார். பிறகு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "இது இன்னும் யாழ்ப்பாணத்திலைதான் நிக்குது" என்றார்.

அவரும் அப்படித்தான் இருந்தார். இடைவேளையில் நாங்கள் இருவரும் ஆய்வுகூடத்தில் இஞ்சித் தேத்தண்ணீர் குடிப்போம். குப்பி ஜன்னலோரம் இருக்கும். தேயிலை வாடும் வாசம் தொழிற்சாலைப் பக்கமிருந்து வரும். அவர் வீட்டுக் கிணற்றையும் முற்றத்து வேம்பையும் பற்றிப் பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். மூடுபனிக்குள் அவர் முகம் கலங்கித் தெரியும் நாட்களில், இது நடக்கிறதா, நானாக நினைத்துக்கொள்கிறேனா என்றுகூடச் சந்தேகம் வரும். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. போகப்போகிற ஒருவர்மேல் இப்படி மனசை வைத்துவிட்டோமே என்று எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. வீட்டில் அம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். "அந்த சேரு இருப்பாரா, போயிருவாரா?" என்று ஒருநாள் மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். "போறவங்கதானேம்மா" என்றேன்.

இடமாற்றம் வந்தது. பிரியாவிடைக்கு நாள் குறித்து, கடிகாரம் வாங்கும் வேலையைப் பள்ளிக்கூட அதிபர் என்னிடம் கொடுத்தார். சனிக்கிழமை பதுளைக்குப் பஸ் ஏறினேன். கடைவீதியில் அந்தக் கடையின் சுவர் முழுவதும் கடிகாரங்கள். ஒன்றுகூட மற்றதோடு ஒத்துப்போகவில்லை. ஒன்றில் விடிந்திருந்தது, ஒன்றில் மதியம், ஒன்றில் மாலை. எல்லாம் ஒரே சமயத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. "எத எடுக்கட்டும் டீச்சர்?" என்று கடைக்காரர் கேட்டபோதுதான் சுயநினைவு வந்தது. எதை வாங்கினாலும் அவரை நானே யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏற்றிவிடுவது போல இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவர் ஆய்வுகூடத்தில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பதுளைக்குப் போனனீங்களாமே, டீச்சர்."

"போனேன் சேர். கடிகாரம் வாங்கல."

"ஏன், கடை பூட்டோ?"

"தொறந்துதான் இருந்துச்சு. வாங்க மனசு வரல. நீங்க போறது எனக்குப் புடிக்கல சேர்."

இதைச் சொல்லிவிட்டு நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் கட்டுவதை நிறுத்திவிட்டு நின்றார்.

"அம்மா அங்கை தனிய இருக்கிறா" என்றார்.

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்."

ஜன்னல் கட்டையில் முன்பொரு நாள் பிள்ளைகள் குப்பியைத் திறந்து பார்த்தபோது சிந்திய துளி ஒன்று இருந்தது. கரடுமுரடான சிமெந்தில், தூசியோடு தூசியாக, நொய்யரிசி அளவில் உறைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலால் தொட்டால் உருகிவிடும். மேசையிலிருந்த இடுக்கியால் கிள்ளியெடுத்து, குப்பியைத் திறந்து, உள்ளே போட்டேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அது விழுந்த இடத்தில் மட்டும் மினுமினுப்பு மங்கியது. மங்கல் மெல்ல மெல்ல ஓரம்வரை பரவியது. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உறையும்போது காலியம் பருக்கும். கடைசியில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். கண்ணாடியில் மெல்லிய கீறல் விழுந்தது. நான் பயந்துபோய்க் கையை எடுத்தேன். அவர் குப்பியைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே எதுவும் ஆடவில்லை.

"இனி இது இஞ்சைதான்" என்றார்.

"நீங்க?"

"நானுந்தான்."

இடமாற்றம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவரை அலுவலகத்தில் மேலும் கீழும் பார்த்தார்களாம். எங்கள் கல்யாணத்துக்கு அவருடைய அம்மா வந்தார், பேசவில்லை. என்னோடு பேசத் தொடங்க நாளாயிற்று. இங்கே வந்து இருக்கச் சொன்னால், இந்தக் குளிருக்கு நான் வரமாட்டன் பிள்ளை என்று சொல்லிவிடுவார். அதனால் பள்ளிக்கூட விடுமுறைக்கெல்லாம் இவர் அங்கே போய்விடுவார். சில சமயம் நானும் போவேன், பல சமயம் என் அம்மாவைப் பார்த்துக்கொண்டு இங்கே இருப்பேன். அந்த நாட்களில் வீடு எனக்குப் பெரிதாகத் தெரியும்.

காலியத்தை இப்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருக்கிறோம். போகும்போது அதையும் கொண்டுபோவார். மாமிக்கு அதைக் கையில் ஊற்றிப் பார்ப்பதில் அப்படியோர் ஆசை. சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம், முழுக்க உருகிவிடும். அப்புத்தளைக்குத் திரும்பி வந்தும் நாள்கணக்காக உருகினபடியே ஆடிக்கொண்டிருக்கும். எனக்கு அது தெரியும். அதனால் அவர் புறப்படும்முன் அதில் ஒரு சின்னத் துண்டை உடைத்து நான் இங்கேயே வைத்துக்கொள்வேன்.