மே நான்காம் தேதி, யாங்கூனில் ஒரு விருந்து

கம்பெனி விழாக்களை நடத்திக் கொடுப்பது என் பிழைப்பு. சென்னையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு டச்சுக் கம்பெனிக்காக மியான்மரில் விருந்துக்கு நாள் பார்ப்பது என்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஏப்ரல் நடுவில் தண்ணீர்த் திருவிழா. யாங்கூனே கடையடைத்துக் கிடக்கும். ஏப்ரல் 27 டச்சுக்காரர்களுக்கு மன்னர் தினம். மே 5 அவர்களுடைய விடுதலை நாள், அந்தக் கம்பெனிக்கு அன்றைக்கும் லீவு. மறுநாள் லீவு என்றால் முந்தின நாள் சாயங்காலம்தானே நமக்கெல்லாம் கொண்டாட்டம்? அப்படித்தான் மே 4 இரவு ஏழு மணிக்கு விருந்து, எட்டு மணிக்குப் பாட்டுக் கச்சேரி என்று முடிவு செய்தேன். பாங்காக் வழியாக மூன்றாம் தேதி மதியம் போய் இறங்கினேன்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் பதினைந்து கிலோமீட்டர்தான், நெரிசலில் ஒரு மணி நேரம் ஆனது. டிரைவர் ஊ வேலு, யாங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் பிறந்து வளர்ந்த தமிழர். ‘ஊ’ என்பது அங்கே பெரியவர்களுக்கு முன்னால் சேர்க்கும் மரியாதை. நான் அண்ணே என்றே கூப்பிட்டேன். அவருக்கு அதில் ஒரே சந்தோஷம்.

ஓட்டலில் கம்பெனி மேலாளர் ஹென்க் என் திட்டத்தைப் பார்த்தார். "எட்டு மணிக்குப் பாட்டா?" என்று கேட்டவர், அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு விளக்கினார். மே 4 லீவு நாள் இல்லை, ஆனால் அன்றிரவு எட்டு மணிக்கு நெதர்லாந்தே இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும், இரண்டாம் உலகப் போரில் செத்தவர்களுக்காக. அப்போது ஜப்பான் ராணுவம் போட்ட பர்மா-சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுவரப்பட்டு மாண்ட டச்சுக் கைதிகளும் அதில் சேர்த்தி. எனக்கு அவமானமாகிவிட்டது.

கச்சேரியை நிறுத்தச் சொல்ல, பாட்டுக்காரர்கள் இருந்த லான்மடா பேட்டைக்கு நானும் ஊ வேலுவும் கிளம்பினோம். வழியில் விஷயத்தைச் சொன்னதும் ஊ வேலு காரை ஓரங்கட்டினார்.

"எங்கம்மாவோட அப்பாவும் அந்த ரயிலுக்குத்தான் போனாரு தங்கச்சி. ஜப்பான்காரன் புடிச்சுட்டுப் போனான். அம்மா அப்ப கைக்குழந்தை. என்னிக்குச் செத்தாரு, எங்க பொதைச்சாங்க, ஒண்ணும் தெரியாது. அமாவாசைக்குப் பொதுவா எள்ளும் தண்ணியும் விடறோம். அப்பாவுக்குன்னு ஒரு நாள் இல்லையேன்னு அம்மா இன்னிக்கும் அழுவும்."

பிறகு தயங்கிக்கொண்டே கேட்டார். "நாளைக்கு நானும் ஓரமா நிக்கலாமா? இல்ல, அது வெள்ளைக்காரங்களுக்கு மட்டுமா?"

அங்கிருந்தே போனில் ஹென்க்கிடம் கேட்டேன். கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவர் தாத்தா பேர் என்ன?"

மறுநாள் ஏழரைக்கே கரண்ட் போய்விட்டது. யாங்கூனில் அது சகஜம். எட்டடிக்கச் சற்று முன்பு ஹென்க் ஜெனரேட்டரையும் நிறுத்தச் சொன்னார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கள் ஆட்களின் பேர்கள் சிலவற்றைப் படித்தார். கடைசியாக, எழுத்துக் கூட்டி, "சின்னக்கண்ணு" என்றார். சலவைச் சட்டையும் லுங்கியுமாக நின்ற ஊ வேலு செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். நான் அழுதுவிட்டேன், மறைப்பானேன். அப்புறம் எல்லோரும் சாப்பிட்டோம், அவரும் எங்கள் மேசையில்தான்.

இந்த மாதிரி வேலையாகப் போகிறவர்களுக்கு: காலண்டரில் சிவப்பாக இருக்கும் நாட்களை மட்டும் பார்க்காதீர்கள். எந்த நாளில் அவர்கள் துக்கம் காக்கிறார்கள் என்றும் கேளுங்கள். டச்சுக்காரர்கள் என்றால் மே 4 சாயங்காலத்தை விட்டுவிடுங்கள். ஓட்டலில் ஜெனரேட்டர் உண்டா என்று விசாரியுங்கள், டாக்சி வாடகையை ஏறுமுன் பேசிவிடுங்கள்.

ஐந்தாம் தேதி காலை விமான நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஊ வேலு கேட்டார்.

"அடுத்த வருசம் இது எந்தத் தேதியில வரும் தங்கச்சி?"

"தேதி மாறாதுண்ணே. எப்பவும் மே நாலுதான்."

"அப்ப அம்மாகிட்ட சொல்லிடறேன், அவங்கப்பாவுக்கு நாள் கெடைச்சிடுச்சுன்னு."