சாரலில் நனையாத கீபோர்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மடையன். நல்லா இருந்த கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டு ஹேர் டிரையரால் சூடு காட்டியவன். அதுவும் தென்காசியில் கம்ப்யூட்டர் படுத்தால் என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று பேர் வாங்கிய பிறகு.

மேலகரத்தில் என் அக்கா ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்கிறாள். இதுவரை போட்ட டிசைன்கள் எல்லாம் படங்களாக அவளுடைய லேப்டாப்பில் இருந்தன. ஆவணி முகூர்த்தம் நெருங்குகிற நேரம் பார்த்து அது கண்ணை மூடிவிட்டது. அன்று மத்தியானம் அச்சன்புதூரிலிருந்து கல்யாண வீட்டுக்காரர்கள் வருகிறார்கள். காட்டப் படம் இல்லையென்றால் மணப்பெண் ஜாக்கெட் வேறு கடைக்குப் போய்விடும்.

அந்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி என்னுடையதில் மாட்டினேன். என்னுடையதில் அந்த வாரம்தான் பழகிய சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றியிருந்தேன். எந்த வேலைக்கும் முன்னால் மவுஸின் வலது பொத்தானை அமுக்கி நாலு தடவை ரெஃப்ரெஷ் கொடுப்பது எனக்குப் பிள்ளையார் சுழி. ஏன் என்று கேட்டால் தெரியாது. லினக்ஸில் அமுக்கிப் பார்த்தால் ரெஃப்ரெஷையே காணோம். சுழி போடாமல் பரீட்சை எழுதுகிறவன் மாதிரி அரைமனதோடு வேலையை ஆரம்பித்தேன்.

கறுப்புத் திரையில், டிஸ்கைத் திறக்கும் கட்டளையை அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். ஒன்றும் விழவில்லை. எழுத்து வேண்டாம், ஒரு புள்ளியாவது விழ வேண்டாமா?

“கீபோர்டு போச்சுக்கா. சாரல் உள்ள இறங்கிட்டு.”

“இப்பத்தானலே அதுல என்னத்தையோ அடிச்ச?”

“அப்பத்தான் இறங்கியிருக்கும்.”

குற்றாலத்தில் சீசன் என்றால் எங்களுக்கு எல்லாப் பழியையும் போட ஒரு சாரல் இருக்கிறது. கல் ஒட்டிய பசையைக் காயவைக்க அக்கா வைத்திருந்த ஹேர் டிரையரைப் பிடுங்கிச் சூடு காட்டினேன். கீபோர்டிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையும் கொஞ்சம் மிக்சரும் விழுந்தன. ஈரம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

“அவுக பஸ் ஏறிட்டாவளாம்லே,” என்றாள் அக்கா, போனைப் பார்த்து.

அந்தத் திரையை மூடி, புதிதாகத் திறந்து, கட்டளையைத் திரும்ப அடித்தேன். வந்த கோபத்தில், விழுந்தாலும் சரி விழாவிட்டாலும் சரி என்று பாஸ்வேர்டையும் அடித்து எண்டரில் ஒரு குத்து விட்டேன். டிஸ்க் திறந்துவிட்டது!

ஆக, கீபோர்டுக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு என் பாஸ்வேர்டில் எத்தனை எழுத்து என்றுகூடக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று லினக்ஸ் வாயை மூடியிருக்கிறது. எனக்கு மரியாதை செய்த ஒன்றைத்தான் நான் வறுத்தெடுத்திருக்கிறேன்.

அடுத்ததுதான் அதிசயம். டிஸ்கில் இருப்பதையெல்லாம் தேட ஒரு கட்டளை, அதில் படங்களை மட்டும் பிரிக்க ஒன்று, அவற்றை எடுத்துவைக்க ஒன்று. மூன்றையும் ஒரே வரியில் அடித்தேன்; நடுவே, ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் குழாய் மாதிரி, வெறும் செங்குத்துக் கோடுகள். குற்றாலத்துப் பேரருவி மேலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, நிறைந்து, பொங்கித்தான் கீழே இறங்குகிறது. அதனால்தான் அடியில் நின்று குளிக்க முடிகிறது. இங்கேயும் அப்படித்தான், ஒன்று நிறைந்து மற்றொன்றுக்குள் இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் தெரிந்தது ஒரே ஒரு வேலை. இத்தனை காலம் மவுஸோடு மல்லுக்கட்டிய கை, மடியில் சும்மா கிடந்தது.

முடிந்ததும் ‘முடிந்தது’ என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த கட்டளைக்காகக் கோடு ஒன்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. பயந்துபோய் ஃபோல்டரைத் திறந்தேன். மயில், மாங்காய், கோபுரம், யானை என்று அத்தனை டிசைனும் அங்கே இருந்தன. எனக்கு நிஜமாகவே புல்லரித்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

“அக்கா, ஒரே வரிக்கா! இதை யோசிச்சவங்களை நெனச்சா கையெடுத்துக் கும்பிடணும் போல இருக்கு.”

அக்கா படங்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கும்பிட்டுட்டு, டிரையரை எடுத்த எடத்துல வைலே.”