மூன்றாம் மாடியில் ஒரு வயர்

பிரதிமா ஹொள்ளா பயந்த சுபாவம். காஸை அணைத்தோமா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிற ரகம். ஊர் உடுப்பிப் பக்கம் சாலிகிராமம், முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பம். கல்யாணமாகி பெங்களூர் வந்தவள், அந்தக் கல்யாணம் முறிந்த பிறகும் பெங்களூரிலேயே தங்கிவிட்டாள். தொட்டபள்ளாபுரத்துத் தறிக்காரர்களுக்குப் பட்டுப்புடவையின் நிறங்களைத் தீர்மானித்துத் தருவது அவள் தொழில். உடலுக்கு இந்தச் சிவப்பு என்றால் கரைக்கு எந்தப் பச்சை என்பதை அவள்தான் சொல்வாள்.

வாடகை வீட்டுச் சமையலறையில் வெளிச்சம் போதாது. மஞ்சள் பல்பின் கீழே ஒரு தடவை கத்திரிப்பூ நிறம் பழுப்பாகத் தெரிந்து தறியில் ஏற்றிய ஒரு பாவு நூல் முழுக்க வீணானது. அதற்குப் பிறகுதான் ஜெயநகரில், மேசைகளை மாத வாடகைக்கு விடும் அலுவலகம் ஒன்றின் மூன்றாம் மாடியில் ஜன்னலோரமாக இடம் பிடித்தாள். சுற்றிலும் முப்பது நாற்பது பேர், ஆளுக்கொரு தொழில். பகல் வெளிச்சம் தரும் வெள்ளை விளக்கு ஒன்றை வாங்கி மேசையில் பொருத்திக்கொண்டாள்.

அவளுக்கு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தது சுகுணா. அந்த வட்டாரத்துக் கடைக்காரர்கள், டாக்டர்கள், தையல்காரர்கள் எல்லாரும் சுகுணா அக்காவிடம்தான் எடுப்பார்கள்.

"தீ பிடிச்சா, லேப்டாப் திருடு போனா, உன் மேசையால யாராவது அடிபட்டா, எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணு இருக்கு."

"என்னால யாருக்குக்கா அடிபடும்? நான் நூல் பாக்கறவ."

"அடிபடாதுன்னு எழுதிக் கொடு, நான் போயிடறேன்."

எழுதிக் கொடுக்கும் தைரியம் பிரதிமாவுக்கு இல்லை. எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மேசையில் லவீனா பின்டோ. மங்களூர்க்காரி, கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பவள், ஏழு மாதக் கர்ப்பிணி. ஃபோனில் அதட்டுவாள், வைத்தவுடன் சிரிப்பாள். பிரதிமா கொண்டுவரும் சக்குலி முறுக்கில் பாதி அவளுக்கு. "பசி எனக்கில்லக்கா, உள்ள இருக்கிற முதலாளிக்கு" என்பாள்.

மழைக்காலத் தொடக்கத்தில் பிரதிமாவின் மேசையடி பிளக் செத்துப்போனது. அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் தனஞ்சயாவிடம் நாலைந்து தடவை சொன்னாள். "நாளைக்கு எலக்ட்ரீஷியன் வரான் மேடம்" என்பான். அந்த நாளை வரவேயில்லை. அவளே நடைபாதைக்குக் குறுக்கே ஒரு வயரை இழுத்து, எதிர்த் தூணிலிருந்த பிளக்கில் சொருகி, தரையோடு தரையாக டேப் ஒட்டினாள். தினமும் காலையில் வந்ததும் டேப்பை விரலால் அழுத்திப் பார்ப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பார்க்கவில்லை. தறிக்காரர் ஒருவர் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார். ஈர மாப் போட்டதில் டேப் எழும்பியிருந்தது அவள் கண்ணில் படவில்லை.

முதலில் சத்தம்தான் கேட்டது. திரும்பினாள். லவீனா பக்கவாட்டில் விழுந்து கிடந்தாள். கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. நெற்றி மேசை முனையில் பட்டு ரத்தம். அவள் கத்தவில்லை. மற்றொரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அசையல... அசையலக்கா" என்றாள். பிறகு கண் சொருகியது.

பிரதிமாவின் காதில் எதுவும் ஏறவில்லை. யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள், யாரோ தூக்கினார்கள். லவீனாவின் செருப்பு ஒன்று நடைபாதையில் கிடந்தது. அதன் வாரில் வயர் மாட்டியிருந்தது.

தனஞ்சயா குனிந்து வயரை விடுவித்தான், சுருட்டினான், அலமாரிக்குள் போட்டுப் பூட்டினான். பிரதிமாவைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், தலை சுத்தி விழுந்தாங்க. சரியா? மாசமா இருக்கிறவங்களுக்கு சுத்தறதுதான்."

"வயர்..."

"எங்க இன்சூரன்ஸ் கட்டடத்துக்கும் எங்க மேசை நாற்காலிக்கும்தான். உங்க பொருளால ஆனது உங்க தலையில. குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா போலீஸ், கேஸ் எல்லாம் வரும். ஒத்த ஆளு நீங்க. யோசிச்சுக்கங்க."

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்பு. செத்துப்போன குழந்தை ஒன்றைத் துணியில் சுற்றித் தன்னிடம் யாரோ நீட்டுவதுபோல மனசுக்குள் வந்தது. உதறினால் மறுபடி வந்தது. வாய்க்கு வந்த சாமி பேரையெல்லாம் சொன்னாள். வழியில் சுகுணாவுக்கு ஃபோன் போட்டாள்.

"முதல்ல மூச்சு விடு" என்றாள் சுகுணா. "நம்ம பாலிசி இதுக்குத்தான். கம்பெனிக்கு இப்பவே சொல்லிடறேன். நீ ஒண்ணு மட்டும் கேட்டுக்க. யார்கிட்டயும் தப்பு என் மேலன்னு சொல்லாத. நானே கட்டறேன்னு வாக்குக் குடுக்காத. அப்படி ஏதாவது வாய விட்டா கம்பெனி கைய விரிச்சிடும்."

ஆக, இரண்டு பேர் இரண்டு பக்கமும் வாயைப் பொத்தினார்கள். உண்மையைச் சொன்னால், ஒருவேளை ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். அவளிடமோ தறிக்காரர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கியைத் தவிர ஒன்றுமில்லை. அவள் வாயை மூடிக்கொள்வதென்று முடிவு செய்தாள். நல்லது கெட்டது யோசித்துச் செய்த முடிவல்ல அது. பயம் செய்தது.

ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். இரண்டு நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். லவீனாவின் மணிக்கட்டு முறிந்திருந்தது. அவள் கணவன் ரயன் வராந்தாவில் நின்றபடி பிரதிமாவைக் கேட்டான்.

"பக்கத்துல இருந்தீங்களாமே. எப்படிங்க விழுந்தா?"

"நான்... திரும்பி உக்காந்திருந்தேன்" என்றாள் பிரதிமா. அது பொய்யல்ல. ஆனாலும் அதற்குமேல் அவன் முன்னால் நிற்க முடியாமல் வராந்தாவின் மறுமுனைக்கு நடந்தாள்.

மறுநாள் மத்தியானம் லவீனாவைப் பார்க்க விட்டார்கள். முகம் வீங்கி, கையில் மாவுக்கட்டு. பிரதிமாவைப் பார்த்ததும் அழுதாள்.

"என் திமிருக்கா. காலைல சாப்பிடல. வேலைய விடு விடுன்னு ரயன் தலபாடா அடிச்சிக்கிட்டான், கேக்கல. அன்னைக்கு உயரச் செருப்பு வேற. என் கொழந்தைய நானே..."

"அழுது என்ன ஆகப்போவுது?" என்றான் ரயன், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "சொன்னப்ப கேட்டிருக்கணும்."

லவீனா தலையைத் திருப்பிக்கொண்டாள். அதட்டிப் பேசுகிற லவீனா அவள். பிரதிமா கட்டிலருகே போனாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சுத்தி விழல" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "என் விளக்கு வயர் உன் செருப்புல மாட்டிச்சு. டேப் பிஞ்சிருந்தது. நான் பாக்கல. தனஞ்சயா எடுத்து ஒளிச்சு வெச்சான். நேத்தே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

ரயன் ஜன்னலை விட்டுத் திரும்பி வெடித்தான். "நேத்து என் மூஞ்சியப் பாத்து நின்னீங்களே! நைட்டெல்லாம் நான் இவளத் திட்டிட்டிருந்தேன். தெரியுமா உங்களுக்கு? வெளிய போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

போனாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சுகுணாவைக் கூப்பிட்டாள். சுகுணா சத்தம் போட்டுவிட்டுக் கேட்டாள்: "நீ சொன்னத அப்படியே சொல்லு பாக்கலாம். பணம் கட்டறேன்னு சொன்னியா?"

"அதெல்லாம் எங்கக்கா... நடந்தத மட்டும்தான்."

"அப்ப விடு. நடந்தத நடந்ததுன்னு சொல்றது வேற, பொறுப்பு ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடறது வேற. சண்ட போடறது என் வேல. நீ போய்ச் சாப்பிடு."

சண்டை எளிதாக இல்லை. கம்பெனி சார்பில் விசாரிக்க ஒரு சர்வேயர் வந்தார், பிரதிமாவிடம் குறுக்குக் கேள்விகள் கேட்டார். நடைபாதையில் வயர் இழுத்தது அவள் தவறு என்றார் முகத்துக்கு நேரே. பிறகு மேசையடியில் மண்டியிட்டு, செத்த பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். "இது எத்தன நாளா இப்படி?" என்று தனஞ்சயாவைக் கேட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் மூன்று பேர், அந்த அம்மா புகார் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார் என்றார்கள். கடைசியில் பாதிப் பொறுப்பு பிரதிமாவுடையது, பாதி அலுவலகத்துடையது என்றாயிற்று. அவள் பாதியை இன்சூரன்ஸ் கட்டியது. அலுவலகக்காரர்கள் தங்கள் பாதியை முனகிக்கொண்டே கட்டினார்கள்.

ஆனால் அந்த வாரங்களில் பிரதிமாவுக்குப் பணம் நினைப்பிலேயே வரவில்லை. ஃபோன் அடித்தால் எடுக்கப் பயந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியிடம் கெஞ்சி நம்பர் வாங்கியிருந்தாள். "இன்னைக்குப் பால் குடிச்சா" என்று அவள் சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்கும். ஒருநாள் அந்த நர்ஸ் எடுக்கவில்லை. பிரதிமா சாயங்காலம் வரை நிறங்களைப் பார்க்க முடியாமல் நூல் கண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அழைப்பு வந்தது, வேறு நம்பரிலிருந்து. லவீனா.

"பெட்டியிலிருந்து எடுத்துட்டாங்கக்கா. என் மேல படுத்திருக்கா."

பிரதிமா எழுந்து நின்றதில் மடியிலிருந்த நூல் கண்டுகள் தரையில் உருண்டன. லவீனாவே வைத்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஞானஸ்நானம். லவீனா அழைத்திருந்தாள். போவதா வேண்டாமா என்று பிரதிமா வாசலிலேயே மூன்று ஆட்டோக்களை அனுப்பிவிட்டு, நாலாவதில் ஏறினாள். தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். குழந்தை வெள்ளைக் கவுனுக்குள் ஓயாமல் கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்க நன்றாக இருந்தது.

பந்தியில் பன்றிக் கறியும் சன்னா எனும் மங்களூர் இட்லியும். ரயன் நாற்காலிகளுக்கு நடுவே நேராக அவளை நோக்கி வந்தான். அவள் எழுந்து நின்றுவிட்டாள். அவன் கையில் மூடிய தட்டு இருந்தது.

"உக்காருங்க" என்றான், இன்னும் அவள் முகத்தைப் பார்க்காமல். "உங்களுக்கு வேற அடுப்புல வெக்கச் சொன்னேன். கறி பட்ட கரண்டி இதுல படல."

தட்டை மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பருப்பும் சோறும், ஒரு கரண்டி அவியலும். பிரதிமா பருப்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.