எல்வுட்டின் இரண்டாவது குண்டு

என் அக்காள் ஆர்லீனைக் கட்டிய எல்வுட் கிரைடர் சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரி ஓட்டுகிறவர். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பார். பென்சில்வேனியாவில் எங்கள் மலைப்பக்கம் கிறிஸ்துமஸ் கழிந்ததும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்காரர்களுக்கென்று தனியாக மான் வேட்டை திறப்பார்கள். குழாயின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, கொழுப்புத் தடவிய துணி வில்லையில் ஈயக் குண்டைப் பொதிந்து, கோலால் அடிவரை இடித்து இறக்க வேண்டும். ஒரு தடவை சுட்டுவிட்டால் மறுபடியும் மருந்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"அதுவரைக்கும் மான் உக்காந்து பேப்பர் படிக்குமா அத்தான்?" என்று நான் கிண்டல் செய்வேன்.

நான் துப்பாக்கி எடுப்பதில்லை. மானைக் கலைத்து அவர் பக்கம் விரட்டுவதும், விழுந்ததை இழுத்து வருவதும்தான் என் வேலை.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு பெருமை. அடித்த மானைத் துடிக்க விட்டுவிட்டு அவர் வீடு திரும்பியதே இல்லை. "வயித்துக்காக அடிக்கிறோம் மாப்ளே, வதைக்கிறதுக்கா?" என்பார். குறி சரியாக அமையாவிட்டால் எவ்வளவு பெரிய கொம்பன் வந்து நின்றாலும் சுடமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும்.

வில்லைக்குத் தடவும் மசகையும் அவரேதான் காய்ச்சுவார். முந்தைய வருஷத்து மானின் கொழுப்பை உருக்கி, அக்காளின் தேன்பெட்டி மெழுகைச் சேர்த்துக் கிண்டுவார். வீடே நாறும்.

"இந்தக் கருமத்த என் சட்டியில காய்ச்சாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? சூப்புல மான் வாசம் அடிக்குது" என்று அக்காள் கத்துவாள்.

"ஓசியில கெடைக்குது, குடி."

அந்த வருஷம் அக்டோபரில் வெயில் விடவே இல்லை. பழக்கத்துக்குச் சுட்டுப் பார்த்தபோது மசகு இளகி மருந்தை நனைத்துவிட்டது. வெடி புஸ்ஸென்று போயிற்று. மனுஷருக்கு மானம் போனதுபோல் ஆகிவிட்டது. மெழுகை அள்ளிப் போட்டு மறுபடி காய்ச்சினார். அதன் பிறகு ஒரு வெடிகூடத் தவறவில்லை. அக்டோபர் வெயிலுக்கு அது அளவான மசகு. ஜனவரிப் பனியில் என்ன ஆகும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு காலை. புறப்படும்போது வாசற்படியிலேயே மருந்தும் குண்டும் போட்டுத் துப்பாக்கியைக் கெட்டித்தார். அடுப்பங்கரைச் சூட்டில் இருந்த வில்லை குண்டோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது. மீதி வில்லைகளைத் தகர டப்பியில் போட்டு மேல்கோட்டின் வெளிப்பையில் வைத்துக்கொண்டார்.

ஓடைக்கரையில் நான் கலைத்துவிட்ட பெட்டைமான் அவருக்கு நேராக வந்தது. சுட்டார். அந்த நொடியில் அது திரும்பிவிட்டது. குண்டு இடுப்பில் பட்டது. முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு ஓடைப் பனிக்கட்டிமேல் போயிற்று. கட்டி உடைந்தது. அது எப்படியோ கரையேறி அந்தப் பக்கம் விழுந்தது. கல்லெறி தூரம்தான். ஆனால் நடுவில் கழுத்தளவு தண்ணீர், எங்களைத் தாங்காத பனிக்கட்டி. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது.

"பதறாத, இப்ப முடிச்சிடுறேன்" என்றார். மருந்தைக் கொட்டினார். டப்பியைத் திறந்தால் வில்லைகள் மெழுகுவத்தித் துண்டுகளாய் விறைத்துக் கிடந்தன. ஒன்றைக் குண்டோடு வைத்து இடித்தார். முதல் வெடியின் கரி வேறு குழாய்க்குள் அப்பியிருந்தது. குண்டு பாதியில் நின்றது. கோலை மரத்தில் முட்டுக்கொடுத்து முழு பாரத்தையும் போட்டார். கோல் முறிந்தது.

அவர் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தினார். நான் பாய்ந்து குழாயைப் பிடித்தேன்.

"பைத்தியமா அத்தான்? பாதிக் கொழாயில குண்டு நிக்குது. சுட்டா கொழாய் வெடிச்சு மூஞ்சியே போயிடும்!"

"போகட்டும் விடுடா! அது பாக்குதுடா!"

இருவரும் பனியில் உருண்டோம். துப்பாக்கியில் பொறி தட்டும் சக்கிமுக்கிக் கல்லைப் பிடுங்கி ஓடையில் எறிந்தேன். அவர் அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

"பாலத்தச் சுத்திப் போய் யாரையாவது கூட்டிட்டு வரேன்" என்றேன்.

"நீ வர்றதுக்குள்ள இருட்டிடும். போ. நான் இங்கயே இருக்கேன். நான் பண்ணினது."

நான் திரும்பி நடக்கவும் அவர் கரையோரம் மண்டியிட்டார். இரண்டு கையையும் நீட்டி அதனிடம் கெஞ்சினார்.

"செத்துப்போ தாயே. சீக்கிரம் செத்துப்போயிடு."

மனிதக் குரல் கேட்டதும் மான் மிரண்டு, முன்னங்கால்களை ஊன்றி மறுபடியும் எழப் பார்த்தது. எல்வுட் கையுறையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டார்.